அதே மெத்தை

"படுத்துப் பாருங்க மேடம்" என்று கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த மெத்தைக்கு நகர்ந்துவிட்டார். மதுரவல்லிதான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். சேலைக் கடையில் மேலே போட்டுப் பாருங்க என்பார்கள், செருப்புக் கடையில் நடந்து பாருங்க என்பார்கள், அது மாதிரிதான் இதுவும் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அது மாதிரி இல்லை. படுப்பதென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும், துப்பட்டாவை இழுத்துவிட வேண்டும், இரண்டு காலையும் மேலே தூக்க வேண்டும், அப்பா முன்னால், அம்மா முன்னால், ஆவணி பிறந்தால் மாமியாராகிவிடப் போகிற விசாலாட்சி அத்தை முன்னால், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பைபாஸ் ரோட்டில் சிக்னலுக்கு நிற்கிற ஷேர் ஆட்டோ ஜனங்கள் அத்தனை பேர் முன்னால் மல்லாந்து கிடக்க வேண்டும். கிடந்துவிட்டு எழுந்து, நல்லா இருக்கு என்று வேறு சொல்ல வேண்டும். எது நல்லா இருக்கு? அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். கடைக்குள் நுழையும்போதே ஒருமுறை சிரித்தாயிற்று. "எம் மகன் தூக்கத்துல ஒதைப்பான் ஆத்தா, நல்லா அகலமாப் பாத்து எடுத்துக்க" என்றார், அம்மாவும் சேர்ந்து சிரித்தாள், அப்பா சட்டென்று தலையணைகள் அடுக்கியிருந்த பக்கம் போய் ஒரு தலையணையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். வல்லிக்குக் காது மடல் சுட்டது. ஏசி நேராக உச்சந்தலையில் விழுகிறது, இப்போதும் சுடுகிறது. நல்லவேளை, அம்மா முந்திக்கொண்டாள். "பொண்ணு படுக்கக் கூடாதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி சீர் மெத்தையில நாங்க யாரும் படுக்க மாட்டோம்." விற்பனையாளருக்கு இது புதிதில்லை போல. "இது டிஸ்பிளே பீஸ்தாம்மா. ஒங்களுக்கு வர்றது சீல் பிரிக்காத பீஸ். ஆடித் தள்ளுபடியில பில்லை மட்டும் இப்பப் போட்டுருவோம், டெலிவரி ஆவணி பொறந்ததும் நல்ல நாள் பாத்து. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." ஆடியில் வாங்கியதாகவும் ஆகும், வாங்காததாகவும் ஆகும். அத்தை அதற்கு மட்டும் தலையாட்டினார். படுக்கிற விஷயத்தில் அவரும் அம்மா கட்சிதான். ஆக, யாருமே படுத்துப் பார்க்காமல் ஒரு மெத்தையை வாங்கப் போகிறோம் என்று வல்லி நினைத்தாள். மறுபடியும்.

அப்பா மெத்தை பார்க்கும் விதம் அவளுக்கு மனப்பாடம். உள்ளங்கையை விரித்து நட்ட நடுவில் வைப்பார், ஒரு தம் பிடித்து அமுக்குவார், கையை எடுத்துவிட்டு அமுங்கின இடம் எழுந்து வருகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதும் இதே முகத்தோடுதான். வந்துவிட்டால் 'ம்' என்பார். அந்த 'ம்' வாங்குவதற்குத்தான் மெத்தைகள் எல்லாம் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. அம்மாவுக்கு மேல்துணி முக்கியம், பூப்போட்டிருக்க வேண்டும், அழுக்குத் தெரியக் கூடாது. அத்தைக்கு உயரம். "ஒசரமா இருந்தாத்தான் கட்டில்ல போட்டா எடுப்பா இருக்கும் சம்பந்தி. சீர் பாக்க வர்றவுக கண்ணுல படணும்ல." ஒருவர் கையைக் கொண்டுவந்திருக்கிறார், ஒருவர் கண்ணைக் கொண்டுவந்திருக்கிறார், முதுகை யாரும் கொண்டுவரவில்லை. விற்பனையாளர் வெட்டிய மெத்தைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், பிறந்தநாள் கேக் மாதிரி நீலம், ரோஸ், வெள்ளை என்று அடுக்கு அடுக்காக. "இந்த அடுக்கு மெமரி ஃபோம் மேடம். ஒங்க ஒடம்பை அப்படியே ஞாபகம் வச்சுக்கும்." எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? வல்லி சுட்டுவிரலால் அந்த ரோஸ் அடுக்கைத் தொட்டாள். விரல் பதிந்த குழி கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, யோசித்து யோசித்து மேலே வந்தது, அவளுக்குத் தன் விரலை யாரோ இறுகப் பிடித்துவிட்டுத் தயங்கித் தயங்கி விட்டதுபோல இருந்தது. கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். நிச்சயதார்த்தம் முடிந்ததிலிருந்து அவளும் போனில் மெத்தைகளைப் பற்றிப் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். எல்லா மெத்தைக்கும் ஐந்து நட்சத்திரம். எல்லாம் வாங்கின மறுநாள் காலையில் எழுதியவர்கள். சூப்பர், சொர்க்கம், விழுந்ததும் தூங்கிட்டேன். மூன்றாவது வருஷம் யாரும் எழுதுவதில்லை. ஒரே ஒரு பெண் எழுதியிருந்தாள், எங்களது ரெண்டே வருஷத்தில் தொட்டிலாகிவிட்டது என்று. அதற்குக் கீழே கம்பெனி, தங்கள் கருத்துக்கு நன்றி என்று போட்டிருந்தது. அம்மா கல்யாணத்துக்கு வந்த இலவம்பஞ்சு மெத்தையும் ஒன்றும் சொர்க்கமில்லை, கட்டி கட்டியாக இருக்கும், மழைக்காலத்தில் நாறும், மூட்டைப்பூச்சியைத் தேடி அப்பா டார்ச் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் அதைப் பிரிக்கலாம். பிரித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். இதைப் பிரிக்க முடியாது. ஓரம் முழுக்கத் தையல், தையலுக்கு மேல் பட்டை, பட்டைக்கு மேல் பிளாஸ்டிக் உறை, அந்த உறையையும் அம்மா வீட்டு வழக்கப்படி கிழிக்க மாட்டார்கள், புதுசு புதுசாகவே இருக்கட்டும் என்று அதன்மேலேயே பெட்ஷீட்டைப் போட்டுப் படுப்பார்கள். திரும்பிப் படுத்தால் சரசரவென்று சத்தம் வரும், பக்கத்து அறைக்குக் கேட்கும்.

"இந்த வம்பெல்லாம் வேணாம் தம்பி" என்று அப்பா அந்த மெத்தைத் துண்டைத் தள்ளி வைத்தார். "மூத்தவளுக்கு இங்கதான் எடுத்தோம். நல்ல பூப்போட்ட மெத்தை, இந்தா இம்புட்டு ஒசரம். அதே மெத்தை இருக்கா?" இருந்தது. "அதே பேர்தான் சார், உள்ள மட்டும் கொஞ்சம் மாத்தியிருக்காங்க." "உள்ள என்ன மாத்தினா என்ன. எனக்கு ரெண்டு பொண்ணுக்கும் ஒரே மாதிரி செஞ்சிரணும். ஒருத்திக்கு ஒசத்தி, ஒருத்திக்கு மட்டம்னு நாளைக்கு ஒரு சொல்லு வரக் கூடாது." அத்தை, "அது நாயந்தான்" என்றார். அப்பா எதிலும் அப்படித்தான், அக்காவுக்கு எத்தனை குத்துவிளக்கோ அத்தனை, எந்தக் கடை பீரோவோ அதே கடை. வல்லி தன்னையறியாமல் திரும்பி அக்காவைப் பார்த்தாள். கோகிலா தூணோரமாக நின்றுகொண்டிருந்தாள், காலையில் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது, தோளில் பை, கண்ணுக்குக் கீழே கரிக்கோடு. அக்கா அவளைப் பார்க்கவில்லை. அதே மெத்தை என்ற சொல் காதில் விழாத மாதிரி கூரையில் தொங்கும் தள்ளுபடித் தோரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழாமல் இருக்குமா? சொல் அக்கா, நீயே சொல்லிவிடு. அக்கா சொல்ல மாட்டாள். அக்கா சொல்வதென்றால் எப்போதோ சொல்லியிருப்பாள். என்னிடம் மட்டும்தான் சொன்னாள், நிச்சயதார்த்தத்தன்று, அடுப்படியில், தேங்காய் துருவிக்கொண்டே. வெளியே நாகஸ்வரம் ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது, அக்கா குனிந்த தலை நிமிராமல், "வல்லி, மெத்தை மட்டும் நல்லதாப் பாத்து வாங்கு" என்றாள். அதற்கு வல்லி சிரித்தாள், எல்லாரையும் போல அக்காவும் கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. "எங்க மெத்தை நடுவுல எறங்கிப்போச்சு. ஒரு வருஷம்கூட ஆகல. ரெண்டு பேரும் எங்கிட்டுப் படுத்தாலும் கடைசில நடுக்குழியிலதான் கெடப்போம். சண்டை போட்ட அன்னைக்கி நான் இந்தப் பக்கமாத் திரும்பிப் படுப்பேன். கண் அசந்தா போதும், உருண்டு அவர் மேல போய் விழுவேன். அவர் 'என்ன, சமாதானமா'ன்னு சிரிப்பாரு. இல்ல, மெத்தைன்னு எப்படிச் சொல்றது? அதனால கட்டில் சட்டத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டே தூங்குவேன். விரல் மரத்துப் போகும்." துருவலை ஒதுக்கிவிட்டு அடுத்த மூடியை எடுத்தாள். "கோவமா இருக்கக்கூட எனக்கு அந்தக் கட்டில்ல எடமில்ல வல்லி."

அப்புறம் அந்த நூல். நூலை நினைக்கக் கூடாது என்று நினைத்தாலே நூல்தான் வருகிறது. அத்தான் கம்பெனிக்குப் போன் செய்ய, ஒரு ஆள் வந்தானாம். பெட்ஷீட்டை எடுக்கச் சொன்னானாம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு நூலைப் பிடித்துக் கட்டி, நடுவில் ஸ்கேலைச் செங்குத்தாக இறக்கி, குனிந்து பார்த்து, "இது குழி இல்ல சார், படுத்த தடம்தான். வாரண்டியில வரணும்னா இன்னும் கொஞ்சம் எறங்கணும்" என்றானாம். அக்காவின் மாமியார் வாசல்படியில் நின்றபடி, "ஒங்கப்பா பாத்துப் பாத்து எடுத்ததாச்சே" என்றாராம். "நாங்க ரெண்டு பேரு படுத்த பள்ளத்தை ஊரான் ஒருத்தன் ஸ்கேல் வச்சு அளக்குறான், வீடே நின்னு பாக்குது, நான் எங்க போய் நிப்பேன் வல்லி?" வல்லி அன்றைக்குத் தேங்காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாட்டச் சொல்லிறாத. அப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போவாரு" என்று அக்கா வல்லியின் கையில் சத்தியம் மாதிரி ஒரு தட்டுத் தட்டினாள். அக்காவின் கை காய்த்திருந்தது, விரல்களின் உள்பக்கத்தில், பாத்திரம் தேய்த்தால் அந்த இடத்தில் காய்க்காது. அத்தான் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, குழந்தை அம்முவை இடுப்பில் வைத்துக்கொண்டே சாப்பிடுவார், ஊரே தங்கம் என்கிறது. அவள் கட்டிக்கொள்ளப் போகிற முகுந்தனையும் தங்கம் என்கிறார்கள். ஓசூரில் வேலை, சாயங்காலம் போன் செய்வான், சாப்டியா என்பான், ம் என்பாள், நீங்க என்பாள், ம் என்பான். அவனிடம் கேட்க அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, சண்டை போட்டால் அன்றைக்கு ராத்திரி நான் தனியாகத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாமா என்று. அதை எப்படிக் கேட்பது? இன்னும் ஒரு சண்டைகூடப் போடவில்லையே. கால் மணி நேரத்துக்கு முன் அவனிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது, பெட் செலக்ட் பண்ணியாச்சா, கூடவே கண்ணடிக்கிற ஒரு மஞ்சள் முகம். போனை அணைத்துப் பையின் அடியில் போட்டுவிட்டாள், அந்த முகம் அங்கேயும் கண்ணடித்துக்கொண்டிருக்கும். நல்ல மாதிரியாகத்தான் அனுப்பியிருப்பான். எல்லாரும் நல்ல மாதிரிதான். நல்லவர்கள் எல்லாரும் சேர்ந்து நடு இறங்கின ஒரு கட்டிலில் அக்காவைப் போட்டுவிட்டார்கள், இப்போது அதே பேரில், உள்ளே மட்டும் கொஞ்சம் மாற்றி.

அப்பா அந்த மெத்தையின் நடுவில் உள்ளங்கையை வைத்துவிட்டார். அமுக்கினார். எடுத்தார். அது வந்தது, எல்லாம் புதிதில் வரும். சொல்லிவிடு என்று வல்லிக்குள் ஒன்று தள்ளியது. எம்.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கேள்வி கேட்டபோது அவளுக்குப் பதில் தெரியும், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் தெரியும், அது தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது, அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வெளியே வந்து பைப்படியில் முகம் கழுவும்போது முழுப் பதிலையும் தண்ணீரிடம் சொன்னாள். இப்போதும் வீட்டுக்குப் போய்த் தண்ணீரிடம் சொல்வாள். சத்தியம் வேறு இருக்கிறது. சத்தியமா அது? ஒரு தட்டுத்தானே. அக்கா சொல்லாததை நான் சொல்லலாமா? சொன்னால் அத்தை என்ன நினைப்பார், மூத்த மகளுக்கு மட்டமான சீர் செய்த வீடு என்று நினைக்க மாட்டாரா? சொல்லாவிட்டால்? அப்பாவின் வாயில் 'ம்' திரள்வது தெரிந்தது. அதற்குள் அத்தை, "எதுக்கும் யாராச்சும் படுத்துத்தான் பாக்கட்டுமே. பொண்ணு வேணாம். மூத்தவ படுத்துப் பாக்கட்டும், அவளுக்குத் தெரியும்ல" என்றார். எல்லாரும் அக்காவைத் தேடினார்கள். அக்கா தூணிலிருந்து எப்போதோ நகர்ந்திருந்தாள். தூணுக்குப் பின்னால், விலைக்குறைவானவை கிடக்கிற மூலையில், பூவும் இல்லாமல் உயரமும் இல்லாமல் காக்கி நிறத்தில் ஒரு நார் மெத்தை கிடந்தது, கால் வலிக்கு அதன் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "எனக்கெதுக்குத்தே, அது தெரிஞ்ச மெத்தைதானே" என்று சொல்லிச் சிரித்தாள். "சும்மா படுத்துக் காட்டுடி, தம்பி காத்துக்கிட்டிருக்காருல்ல" என்றாள் அம்மா. அக்கா எழுந்து அந்த உயரமான பூப்போட்ட மெத்தையைப் பார்த்தாள். கட்டிலை அல்ல, கிணற்றைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள் என்று வல்லிக்குத் தோன்றியது. பிறகு, "அது ஒசரமால்ல இருக்கு, ஏற முடியல. இதுலயே படுக்குறேன், எல்லாம் ஒண்ணுதானே" என்று உட்கார்ந்திருந்த இடத்திலேயே சரிந்தாள். யாருக்கும் அது ஒரு பதிலாகவே படவில்லை. இதுல படுத்து அதைப் பத்தி என்ன தெரியும் என்று அம்மா முணுமுணுத்தாள், அப்பா பேச்சைத் திருப்பி விற்பனையாளரிடம் டெலிவரி வண்டியைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார், அத்தை தலையணை உறைகளைப் பார்க்கப் போனார். பில் போடும் இடத்தில் பிரிண்டர் இரைந்தது.

வல்லி மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பை இன்னும் தோளில் மாட்டியிருந்தது. வலது கை, யாரும் சொல்லாமலே, மெத்தையின் ஓரத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டது. பிடி என்றால் பிடி, விரல் முட்டிகள் வெளுக்கிற பிடி. பட்டப்பகலில், கடை விளக்குகளுக்கு அடியில், பக்கத்தில் யாருமே இல்லாதபோதும் பிடித்திருந்தது. எதற்குப் பிடிக்கிறாய் அக்கா, இங்கே அத்தான் இல்லையே, குழி இல்லையே. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், இல்லை கொஞ்சம் கூட. அக்காவின் முதுகு மேலே ஏறி இறங்குவது மாறியது, நீண்டு நிதானமாகியது, வாய் லேசாகத் திறந்தது. தூங்கிவிட்டாள். கடையில், செருப்போடு, பையோடு தூங்கிவிட்டாள். வல்லிக்கு முதலில் வெட்கமாக இருந்தது, யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று துப்பட்டாவால் மறைக்கப் போனாள். பிறகுதான் விரல்களைக் கவனித்தாள். சுண்டுவிரல் முதலில் விட்டது. பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக, ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு விடுவதுபோல விட்டன, கடைசியில் கட்டைவிரல் மட்டும் கொஞ்ச நேரம் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அதுவும் விட்டது. கை திறந்து மல்லாந்தது. உருளவில்லை. அக்கா எங்கேயும் உருளவில்லை. வல்லி சுற்றிக்கொண்டு மெத்தையின் மறுபக்கம் போனாள், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல், தன் முழு பாரத்தையும் போட்டுத் தொப்பென்று உட்கார்ந்தாள். அக்காவின் உடம்பு ஒரு விரல்கடை அசையவில்லை. இன்னொரு முறை எழுந்து உட்கார்ந்தாள். அக்கா இருந்த இடத்தில் அக்கா இருந்தாள், வல்லி இருந்த இடத்தில் வல்லி.

"அடக் கொடுமையே, என்னடி இவ கடைக்குள்ள தூங்கிட்டா" என்று அம்மா ஓடி வந்தாள். "அம்மு ராத்திரி தூங்க விட்டிருக்க மாட்டா, பாவம். ஏய் கோகிலா, எந்திரி, சம்பந்தியம்மா பாக்குறாக." தோளைத் தொட அம்மா குனிந்தாள். "எழுப்பாதீங்கம்மா" என்றாள் வல்லி. தலையணைப் பக்கம் நின்ற ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது, அவ்வளவு சத்தமாக வந்துவிட்டது. காது மடல் மறுபடி சுட்டது. சுடட்டும். "அம்மு இல்லம்மா. மெத்தை." அப்பா டெலிவரி வண்டியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். "என்னத்தா சொல்ற?" "நம்ம எடுத்துக் குடுத்த மெத்தை குழி விழுந்துருச்சுப்பா. ஒரு வருஷத்துலயே. அக்கா தூங்கியே ரொம்ப நாளாச்சு." அப்பா அந்தப் பூப்போட்ட மெத்தையைப் பார்த்தார், தன் உள்ளங்கையைப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே." "நீங்க பாத்துப் பாத்து எடுத்ததுன்னு சொல்லல." மற்றது, அந்தக் கட்டில் சட்டம், அந்த நூல், அத்தானின் சிரிப்பு எல்லாம் தொண்டை வரை வந்தது. அது அக்காவுடையது, அங்கேயே இருக்கட்டும் என்று விழுங்கினாள். "எனக்கு இதுதான் வேணும்பா." அத்தை கிட்டத்தில் வந்து காக்கித் துணியைக் கிள்ளிப் பார்த்தார். "இது என்னத்தா, ஆஸ்பத்திரில போடுறது மாதிரி? நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" "நல்லாத் தூங்கலாம்னு சொல்லுங்கத்தே" என்றாள் வல்லி, சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, தூங்குகிறவளின் திறந்த கையைப் பார்த்து, குரலைத் தழைத்துக்கொண்டார். "சரி, எம் மகன் ஒதைச்சா அதுக்கு நான் பொறுப்பில்ல." அப்பா இன்னும் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படி நிற்பது வல்லிக்குப் பயமாக இருந்தது, இதற்குத்தான் அக்கா சொல்லாதே என்றாள், இதோ ஒடிந்துகொண்டிருக்கிறார், நான்தான் ஒடித்தேன். எழுந்துபோய் அவர் கையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. எழுந்தால் அக்கா விழித்துவிடுவாளோ என்றும் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ரெண்டு பொண்ணுக்கும் ஒரே மாதிரிதானப்பா?" என்றாள். அப்பா நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், பிறகு விற்பனையாளர் பக்கம் திரும்பினார். "தம்பி, இதுல ரெண்டு எழுதிக்கங்க." "டெலிவரி ரெண்டும் ஆவணியிலதான சார்?" "ஒண்ணு ஆவணியில. ஒண்ணு இன்னைக்கே திண்டுக்கல்லுக்குப் போகணும்." "ஆடியிலயா?" என்றாள் அம்மா. "ஆடியிலதான்." விற்பனையாளர் தயங்கினார். "இன்னைக்கே வேணும்னா ஸ்டாக்குல இல்ல சார். இந்த டிஸ்பிளே பீஸ் ஒண்ணுதான் இருக்கு. இதுல மேடம் தூங்குறாங்களே." அப்பா ஒரு ஸ்டூலைச் சத்தம் வராமல் தூக்கிக்கொண்டு வந்து, மூத்த மகளின் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எந்திரிக்கட்டும்" என்றார். "அப்புறம் ஏத்திக்கலாம்."